மருந்து போடாத பாதி

லேப் ஃபிரிட்ஜில் தயிர்ச்சாத டப்பாவை வைத்தது நான் இல்லை, ஐயா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிருமி வளர்க்கிற இடத்தில் சாப்பாட்டை வைக்கிற அளவுக்கு நான் பொறுப்பற்றவன் கிடையாது. டப்பாவுக்குப் பின்னால் இருந்த இரண்டு கவர்களை எடுத்தது மட்டும்தான் நான்.

நீங்கள் மூன்று பேராசிரியர்களும் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டது அந்தக் கவர்கள் எங்கே போயின என்று கேட்கத்தான். வயலுக்குப் போயின. இப்படிச் சொன்னால் எந்த வயல், எதற்கு என்று மறுபடி ஒரு நாள் கூப்பிடுவீர்கள். எனக்கு அலுப்பாக இருக்கிறது. கொஞ்ச நாளாக எல்லாவற்றுக்கும் அலுப்பாகத்தான் இருக்கிறது. அதனால் முழுதாகவே சொல்லிவிடுகிறேன். நீங்கள் டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

கடைசி வருடத்தில் எங்களை இரண்டிரண்டு பேராகக் கிராமங்களில் கொண்டுபோய் விட்டீர்கள். விவசாயிகளோடு தங்கி, அவர்களுக்குத் தெரியாததை நாங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. எனக்கும் டிக்சனுக்கும் கிடைத்தது கீழவைப்பார் பஸ்ஸில் போய்ப் பாதியில் இறங்கி நடக்கிற ஒரு ஊர். டிக்சனுக்குச் சொந்த ஊரே கீழவைப்பார்தான். மீன்பிடிக்காரர் வீட்டுப் பையன். தக்காளியைக் குழம்பில் மட்டும் பார்த்தவன். அவனுக்கு மண்புழு உரம் கொடுத்தீர்கள். எனக்கு டிரைக்கோடெர்மா.

அது நல்ல பூஞ்சாணம். மண்ணுக்குள் இருந்துகொண்டு, செடியை அழுக வைக்கிற கெட்ட பூஞ்சாணத்தைச் சுற்றிப் பிடித்துத் தின்றுவிடும். பொடியாக வருவதைத் தொழுவுரத்தில் கலந்து, ஈரச் சாக்கைப் போட்டு நிழலில் மூடி வைத்தால் உரம் முழுக்கப் பச்சையாகப் பூத்துவிடும். ஊரில் அதைப் பச்சப்பொடி என்றார்கள். எனக்கு அந்தப் பூஞ்சாணத்தின் மேல் உண்மையிலேயே மரியாதை உண்டு. நான் செய்ததெல்லாம் அந்த மரியாதையில் செய்ததுதான்.

வயலைத் தந்தவர் வன்னியபெருமாள் அண்ணாச்சி. தூத்துக்குடியில் ஒரு கரிக் கிடங்கில் வருடக்கணக்காக வேலை பார்த்தவர். நெஞ்சில் தூசி படிந்துவிட்டது, இனிமேல் கரிப்பக்கம் போனால் பிழைக்க மாட்டாய் என்று டாக்டர் சொன்ன பிறகு ஊருக்குத் திரும்பி, அப்பா விட்டுப்போன கிணற்றைத் தூர்வாரித் தக்காளி போட்டார். இருந்தது அந்த ஒரு வயல்தான். அவர் மனைவி செல்லத்தாய் மைனி நாங்கள் போன முதல் நாளே கணக்கைப் புரிய வைத்துவிட்டார்.

“தம்பி, ஒங்க படிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த மண்ணு எங்கள விட்டுச்சுன்னா இவுக மறுபடி கரிக்குத்தான் போவாவ. போனா திரும்பி வர மாட்டாவ. அத மட்டும் மனசுல வச்சிக்கிடுங்க.”

வைத்துக்கொள்கிறேன் என்றேன். வைத்தும் கொண்டேன். இப்போதுகூட ஒரு எழுத்து மாறாமல் சொன்னேன், பார்த்தீர்களா.

செயல்விளக்கத்துக்கு ஒரு விதி உண்டு. வயலை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு பாதிக்கு மருந்து, மறு பாதிக்கு ஒன்றும் கிடையாது. அப்போதுதான் மருந்தின் அருமை தெரியும். எந்தப் பாதியை விடுவது என்று எங்களுக்குப் பொறுப்பாக இருந்த மேடத்திடம் கேட்டேன். கடைசியில் ஊரைக் கூட்டிப் பயிரைக் காட்டும் வயல் விழாவுக்கு வேனில் வந்து இறங்குகிறவர்களுக்கு முதலில் நோய் தெரிய வேண்டும், நாலு எட்டு நடந்தால் குணம் தெரிய வேண்டும் என்றார். கிணறு ரோட்டோரம் இருந்தது. அதனால் கிணற்றை ஒட்டிய பாதி மருந்து போடாத பாதி ஆனது. கிணற்றுத் தண்ணீர் அந்தப் பாதியில் பாய்ந்துவிட்டுத்தான் அடுத்த பாதிக்குப் போகும். அதை அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை. பேனரை எந்தப் பக்கம் கட்டுவது என்பதில் எல்லோரும் மும்முரமாக இருந்தோம்.

அண்ணாச்சியிடம் வாக்கு வாங்கினேன். என்ன ஆனாலும் கிணற்றுப் பக்கத்துக்கு மருந்து போடக் கூடாது. சரி என்றார். வரப்பில் ஒரு குச்சியை ஊன்றி, இதைத் தாண்டிக் கிணற்றுப் பக்கம் பொடியோடு என் கை போகாது என்றார்.

தக்காளி வளர்ந்தது. இரண்டு பாதியும் வளர்ந்தது. பூத்தது, பிஞ்சு விட்டது. எனக்குத் தூக்கம் போய்விட்டது. மருந்து போட்ட செடி நன்றாக இருந்தது. போடாத செடி, உள்ளதைச் சொன்னால், இன்னும் கொஞ்சம் நன்றாக இருந்தது. பல வருடம் சும்மா கிடந்த மண், அதில் நோயே இல்லை. தினமும் காலையில் போய்ச் செடியின் அடித்தண்டை விலக்கி விலக்கிப் பார்ப்பேன். ஒரு இலைகூட வாடவில்லை.

டிக்சன் வரப்பில் உட்கார்ந்து பல் விளக்கிக்கொண்டே என்னைப் பார்த்தான். “ஏலே, நல்லா இருக்க பயிரப் பாத்து மூஞ்சியத் தொங்கப் போடுத ஒரே ஆளு இந்த ஜில்லாவுல நீதாம்ல. ஒரு செடி வாடிச்சுன்னா மிட்டாய் வாங்கிக் குடுப்ப போலிருக்கே.”

மேடத்திடம் போனில் சொன்னேன். அவரும் கவலைப்பட்டார். “ரெண்டு பாதியும் நல்லா இருந்தா வயல் விழாவுல என்னத்த சிவபாலா காட்டுவ? பேனர் அடிச்சாச்சு. இணை இயக்குநர் வாராங்க.” அவர் கேட்டது கேள்வி மட்டும்தான். அவரை இதில் இழுக்க வேண்டாம். பதிலைக் கண்டுபிடித்தது நான்.

நோய் இல்லாத இடத்தில் மருந்தின் பெருமையை எப்படிக் காட்ட முடியும் என்று நீங்களே சொல்லுங்கள். காட்ட முடியாது. ஆக, அந்த வயலில் ஒரு குறை இருந்தது. குறையைச் சரிசெய்யத்தான் எங்களை அனுப்பினீர்கள்.

ஃபிரிட்ஜில் அந்த இரண்டு கவர்களுக்குள் இருந்தது அடித்தண்டு அழுகல் பூஞ்சாணம். வேகவைத்த சோளத்தில் நம் லேபிலேயே ஆராய்ச்சிக்காக வளர்த்தது. சோளத்தின் மேல் வெள்ளை நூல் படர்ந்திருக்கும். அங்கங்கே கடுகு போல முத்து முத்தாக இருக்கும். அந்தக் கடுகுதான் அதன் விதை. மண்ணில் விழுந்தால் வருடக்கணக்கில் சாகாது. எனக்கு அது தெரியும். பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

டிக்சன் மாதா கோயில் திருநாளுக்கு ஊருக்குப் போயிருந்தான். மத்தியான வெயிலில் ஊரே படுத்திருந்தது. நான் கையுறை போட்டுக்கொண்டு, கிணற்றுப் பக்கத்துப் பாதியில் ஒவ்வொரு செடியின் அடியிலும் ஒரு சிட்டிகை வைத்து மண்ணைத் தள்ளி மூடினேன். கருத்தாகச் செய்தேன். குச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் ஒரு மணிகூட விழவில்லை.

மைனி மோர்ச் செம்போடு வந்தார். “ஏன் தம்பி, இந்த வெயில்ல மனுசன் நிப்பானா? பெத்தவ பாத்தா என்னத்துக்கு ஆவா? என்ன அது, சோளமா?”

“ஆமா மைனி. மண்ணுக்கு” என்றேன்.

அது பொய் இல்லை. இந்த விஷயத்தில் நான் ஒரு இடத்தில்கூடப் பொய் சொன்னதில்லை. மோரில் பெருங்காயம் போட்டிருந்தார். நன்றாக இருந்தது.

அடுத்த வாரமே முதல் செடி வாடியது. பிறகு வரிசையாக வாடின. காய் பிடித்த செடிகள், காயோடு சாய்ந்தன. அண்ணாச்சி ஒரு செடியைப் பிடுங்கி அடியைப் பார்த்தார். வெள்ளையாக நூல் சுற்றியிருந்தது. என்னிடம் நீட்டினார். இதுவரை இப்படிப் பார்த்ததில்லை என்றார். நான் நோயின் பெயரையும் அது பரவும் விதத்தையும் விளக்கமாகச் சொன்னேன். தம்பிக்கு என்னவெல்லாம் தெரிந்திருக்கிறது என்று வியந்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் சண்டை. நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

“அந்தப் பச்சப்பொடி ஒரு சாக்கு மிச்சம் கெடக்குல்லா? அள்ளிப் போட்டா பாதியாவது தேறும். கண்ணு முன்னால சாவுது, பாத்துக்கிட்டு நிக்கியளே.”

“வாக்கு குடுத்தாச்சுளா.”

“வாக்க ஒலையில போட்டுப் பொங்குவமா? தம்பி, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா இவுக கேப்பாவ.”

மருந்து போட்டால் ஒப்பீடு போய்விடும் மைனி என்றேன். ஒப்பீடு என்றால் என்ன என்று கேட்டார். ஒரு பாதி செத்தால்தான் மறு பாதி ஏன் சாகவில்லை என்று ஊருக்குத் தெரியும் என்றேன். அவர் அடுப்படிக்குப் போய்விட்டார். எனக்கு வைத்த சோற்றில் ஒன்றும் குறை வைக்கவில்லை.

அண்ணாச்சி தினமும் குச்சி வரைக்கும் வருவார், நிற்பார், திரும்பிவிடுவார். அந்தச் சாக்கைத் தொடவே இல்லை. இந்தக் கல்லூரியில் நான்கு வருடம் படித்திருக்கிறேன், ஐயா. விதியை அப்படிக் கடைப்பிடித்த ஆராய்ச்சியாளர் ஒருவரை நான் இங்கே பார்த்ததில்லை. தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வயல் விழா நன்றாக நடந்தது. நீங்களும் வந்திருந்தீர்கள். கிணற்றுப் பக்கம் ஒரு செடி இல்லை, குச்சிக்கு அந்தப் பக்கம் குலை குலையாகக் காய். எவ்வளவு பேர் போட்டோ எடுத்தார்கள். அண்ணாச்சிக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். மைக்கைக் கொடுத்ததும் அவருக்கு இருமல் வந்துவிட்டது. அடங்கிய பிறகு, “செத்த பாதி என் விதி, பொழச்ச பாதி இந்தப் பிள்ள குடுத்தது” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். என் பூஞ்சாணம் ஜெயித்துவிட்டது. நான் பொய்யாக எதையும் ஜெயிக்க வைக்கவில்லை. எதிரியைக் கொண்டுவந்து நிறுத்தினேன், சண்டை போட்டு ஜெயித்தது அதுதான்.

அதற்குப் பிறகு நடந்ததற்குத் தண்ணீர்தான் காரணம். வாய்க்கால் தண்ணீர் கிணற்றுப் பக்கத்தில் பாய்ந்து, அங்கே கிடந்த கடுகையெல்லாம் தூக்கிக்கொண்டு அடுத்த பாதிக்குப் போனது. டிரைக்கோடெர்மா கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தது. ஆனால் எவ்வளவுதான் தின்னும். பங்குனி முடிவதற்குள் குச்சிக்கு அந்தப் பக்கமும் சாய்ந்துவிட்டது. அப்போது நாங்கள் ஊரை விட்டு வந்துவிட்டோம். அறிக்கையில் வயல் விழா வரைக்கும்தான் எழுத வேண்டும்.

ஆடியில் அண்ணாச்சி மறுபடி நட்டார். என்னிடம் போனில் கேட்டுவிட்டுத்தான் நட்டார். பொடி போட்டு நடுங்கள் என்றேன். அந்த மண்ணில் இரண்டு மூன்று வருடம் தக்காளியை நினைக்கவே கூடாது என்பது எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் யார் என்று கேட்பார். அவ்வளவு நீளமாகப் பேச எனக்கு அன்றைக்குத் தெம்பில்லை. பொடியும் தோற்றது. நாற்று வேர் பிடிக்கும் முன்பே அழுகியது. ஆவணியில் அவர் கரிக் கிடங்குக்குத் திரும்பிப் போனார்.

டிக்சன்தான் கண்டுபிடித்தான். அந்த வட்டாரத்திலேயே இல்லாத நோய் எப்படிக் குச்சியைப் பார்த்து நின்றது என்று கேட்டான். நான் சொல்லிவிட்டேன். “எங்க ஊர்ல வலைய அறுக்கவனக்கூட ஒரு நாள் மன்னிச்சிருவாவ. ஒன்ன என்ன செய்யதுன்னு எனக்குத் தெரியலல” என்றான். பிறகு என்னோடு பேசவில்லை. ஃபிரிட்ஜைப் பற்றி உங்களுக்கு எழுதிப் போட்டது அவனாகத்தான் இருக்கும். அவன் கவர்களைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறான். மீதியை நானே சொல்லட்டும் என்று விட்டிருக்கிறான். நல்லவன்.

ஐப்பசியில் அண்ணாச்சியை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். மூக்கில் குழாய் இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார். சாத்துக்குடி வாங்கிப் போயிருந்தேன். மைனி என்னை வராந்தாவுக்குக் கூட்டிவந்து மெதுவாகக் கேட்டார்.

“தம்பி, மண்ணுல உள்ள கெட்டதத் தின்னுச்சே அந்தப் பச்சப்பொடி, அது மாதிரி மனுசன் நெஞ்சுக்கு ஏதும் உண்டுமா? ஒங்க காலேசுல கேட்டுப் பாப்பியளா?”

கேட்கிறேன் மைனி என்றேன். உங்களிடம் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். கார்த்திகையில் அவசியமில்லாமல் போய்விட்டது.

அவர் நெஞ்சில் இருந்தது கரித்தூசி, ஐயா. பூஞ்சாணம் இல்லை. டாக்டரின் சீட்டிலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது. ஆனாலும் நீங்கள் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்: அவரைக் கரிக்கு அனுப்பியது நான்தான். போனால் திரும்ப மாட்டார் என்று தெரிந்தவர்களில் நானும் ஒருவன். துக்கத்துக்குப் போனபோது மைனியிடம் இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். அண்ணாச்சி கடைசி வரைக்கும் என் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தார் என்று அவரே என் கையைப் பிடித்து அழுதார். அழுகிறவரிடம் போய் விளக்கம் சொல்வது நாகரிகமாகப் படவில்லை.

நான் ஒன்றும் செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. போன வாரம் அந்த ஊருக்குப் போனேன். மைனி தனியாக நின்று வயலை உழவு ஓட்ட ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். தையில் கத்தரி நடப் போகிறாராம். கத்தரியையும் அந்த அழுகல் விடாது. வயல் முழுவதற்கும் போட வேண்டும் என்று பச்சப்பொடி கேட்டார். நான் ஒரு யோசனை சொன்னேன். பாதிக்குப் போடுங்கள் மைனி, பாதியை விட்டுவிடுங்கள், அப்போதுதான் பொடி வேலை செய்கிறதா என்று நிச்சயமாகத் தெரியும் என்றேன். அண்ணாச்சி இருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார் என்று சம்மதித்துவிட்டார்.

இந்தத் தடவை நான் ஃபிரிட்ஜிலிருந்து எதையும் எடுக்க வேண்டியதில்லை. நோய் ஏற்கெனவே மண்ணில் இருக்கிறது. யாரும் ஒரு குற்றம் சொல்ல முடியாதபடி, முழுக்க முழுக்க நேர்மையாகச் செய்யப் போகிறேன்.