எரியாத விளக்கின் கீழ் கிருஷாந்தி

கலஹா ஊரிலிருந்து வரும் பஸ்ஸை நம்ப முடியாது, இன்ஸ்பெக்டர். அதனால் அந்தப் பிள்ளைகள் இருவரும் முந்திய பஸ்ஸிலேயே பேராதனை மைதானத்துக்கு வந்துவிடுவார்கள். கிருஷாந்தி, சஞ்சீவனி. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள், நெடுந்தூர ஓட்டக்காரிகள். நான் பயிற்சியாளர். தேசிய அணிக்குத் தெரிவானால் உத்தியோகம் கிடைக்கும் என்று இருவரும் நம்பியிருந்தார்கள்.

ஓடிக் களைத்த கால்களுக்குச் சிவப்பொளி பிடித்தால் தசை சீக்கிரம் தேறும். இதைச் சொன்னபோது டாக்டர்மார் சிரித்தார்கள். ஆதாரம் கேட்டார்கள். நியாயம்தான். இருவருக்கும் ஒரே ஓட்டம், ஒரே சாப்பாடு. ஒருத்திக்கு மட்டும் ஒளி. அப்படிப் பார்த்தால்தானே தெரியும்?

கண்ணுக்குக் கூடாதென்று சொல்லி இருவருக்கும் கறுப்புத் துணி கட்டினேன். சஞ்சீவனியின் விளக்கு எரிந்தது. கிருஷாந்தியின் விளக்கைப் போடவில்லை. சூடு தெரிய வேண்டுமே என்று ஒரு ஹீட்டர் வைத்தேன்.

“இவளுக்கு லேசாயிருது. எனக்கு மட்டும் காலு கல்லாட்டம் கெடக்கு, மாஸ்டர்,” என்பாள் கிருஷாந்தி.

“நீ பயந்து இறுக்கிக்கிட்டுப் படுக்கிற, புள்ள. லைட்டு என்ன செய்யும்?” என்று சஞ்சீவனி சீண்டுவாள்.

வித்தியாசம் தெளிவாகத் தெரிய, நான் ஹந்தானை மலையில் ஏறி இறங்கும் ஓட்டத்தைக் கூட்டினேன்.

அணித் தேர்வு நெருங்கியபோது கிருஷாந்தி தனியே வந்தாள். “சொல்ல வெக்கமா இருக்கு மாஸ்டர். ஒண்ணுக்குப் போனா சாயத்தண்ணி கணக்கா கறுப்பா போகுது.”

அது என்னவென்று எனக்குத் தெரியும். அளவுமீறி வருத்திய தசை சிதைந்து இரத்தத்தில் கலக்கிறது, சிறுநீரகம் கெடும். அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தால் சேலைன் ஏற்றிக் காப்பாற்றியிருப்பார்கள். ஆனால் பாதியில் நின்றுபோன சோதனையை எந்த டாக்டர் ஏற்பார்?

“தண்ணி கொறவா குடிச்சிருப்ப. லைட்டுல கொஞ்சம் கூடப் படு, சரியாகிரும்,” என்றேன்.

நன்றி சொல்லிப் படுத்தாள். அப்போதும் நான் விளக்கைப் போடவில்லை. மறுநாள் ஹந்தானை ஏற்றத்தில் ஓடவிட்டேன். விழுந்தவள் எழும்பவில்லை.

ஆம், நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள். சஞ்சீவனி நன்றாக இருக்கிறாள் என்பதையும் எழுதுங்கள். ஒளி வேலை செய்கிறது.

என்ன சொல்கிறீர்கள்? நான் அடிவாரத்தில் நிற்க, சஞ்சீவனி ஏற்றத்தில் ஓடாமல் தேயிலைச் செடிகளுக்குள் ஒளிந்திருந்து, திரும்பும்போது மட்டும் சேர்ந்துகொள்வாளாமா? கிருஷாந்தி காட்டிக்கொடுக்கவே இல்லையாமா?

அப்படியானால் எதுவுமே நிரூபணமாகவில்லை. அந்தச் சஞ்சீவனியின் பொய்யால் ஓர் உயிர் வீணாகிவிட்டதே. அவளை நீங்கள் விசாரிக்க வேண்டாமா, இன்ஸ்பெக்டர்?