கையால அடிச்ச கமாண்டு

இல்ல தம்பி, கார்டு போச்சுன்னு ஒடனே முடிவு பண்ணாதீங்க. நானும் அப்படித்தான் பண்ணேன். போன்ல நீங்க நெட்வொர்க் கார்டப் பத்திப் பேசுனது காதுல உழுந்துச்சு, சர்வர் வேலன்னும் சொல்றீங்க, அதான் பேச்சுக் குடுத்தேன். பஸ்ஸு கடலூர் போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். பி.முட்லூரே தாண்டல.

நெட்வொர்க் கார்டு இருக்கே, அது முழுசா செத்துப்போனா நமக்கு நிம்மதி. கழட்டிப் போட்டுட்டு வேற மாட்டிடலாம். செத்தும் சாகாம கெடக்கும் பாருங்க, அதான் பிராணன வாங்கும். உசுரு இருக்கான்னு பிங் அடிச்சுக் கேட்டா பதில் வரும். லைட்டு பச்சையா எரியும். அறுபது கம்ப்யூட்டரு ஒண்ணா ஏறுனாத்தான் படுத்துக்கும்.

எங்கயா? சிதம்பரத்துல ஒரு இன்ஜினியரிங் காலேஜி. பேரு வேணாமே. லினக்ஸ் சர்வரு, நான்தான் பாத்துக்கறேன். பழனிவேல்னு பேரு. அதுல இருந்தது மட்டமான கார்டு. கார்டும், லேபு கம்ப்யூட்டரெல்லாம் வந்து சேர்ற ஸ்விட்சுப் பொட்டியும் எந்த வேகத்துல பேசிக்கறதுன்னு தாங்களா முடிவு பண்ணிக்கணும். எங்க கார்டு எப்பவும் தப்பா முடிவு பண்ணும். போன வருஷம் மார்ச்சு மாசம் மூணு நாள் மண்டைய ஒடச்சிக்கிட்டு, கேபிள மாத்தி, போர்ட்ட மாத்தி, கடைசில கையால ஒரு கமாண்டு அடிச்சேன். இந்த வேகத்துலதான் பேசணும்னு கார்டுக்கு உத்தரவு. அதோட சரியாயிடுச்சு.

சிரிக்கிறீங்களே, கண்டுபுடிச்சிட்டீங்க. ஆமா, கையால அடிச்சது மெஷின் ஓடுற வரைக்கும்தான். ஆஃப் பண்ணா மறந்துடும். ஃபைல்ல எழுதி வெச்சாத்தான் திரும்ப ஆன் பண்றப்ப அதுவே எடுத்துக்கும். நாளைக்கு எழுதிக்கலாம்னு உட்டேன். கரண்டு போனாலும் யுபிஎஸ் இருக்கு, ஜெனரேட்டர் இருக்கு. ஏழு மாசம் அது ஆஃபே ஆகல. நானும் எழுதல.

அப்பறம் ஆயுத பூஜை வந்துச்சு. அன்னிக்கு எங்க காலேஜில ஒரு மெஷின் ஓடக் கூடாது. பஸ்ஸுலேர்ந்து ஜெராக்ஸ் மெஷின் வரைக்கும் நிறுத்தித் தொடச்சு, சந்தனம் குங்குமம் வெச்சுடுவாங்க. சர்வர நான்தான் ஆஃப் பண்ணேன். லேபுல கொளஞ்சியம்மான்னு அட்டெண்டரு, பதினோரு வருஷ சர்வீஸு. சந்தனத்தக் கரைச்சுகிட்டு வந்தாங்க. நம்ம எல்லாருக்கும் சோறு போடுறது இதுதானே சார்னு சொல்லி, மத்ததுக்கெல்லாம் ஒரு பொட்டு, சர்வருக்கு மட்டும் முன்னாடி மூணு, பின்னாடி மூணு.

லீவு முடிஞ்சு தொறந்த அன்னிக்கே ஒரு கம்பெனிக்காரங்க ஆளெடுக்க வந்துருந்தாங்க. ஆன்லைன் டெஸ்ட்டு. பசங்க அறுபது பேரு ஒக்காந்தாங்க. பத்தாவது நிமிஷம் எல்லா ஸ்க்ரீனும் நின்னுடுச்சு. ரீஸ்டார்ட் பண்ணேன், ஓடுச்சு, மறுபடி நின்னுச்சு. மத்தியானமே கம்பெனிக்காரங்க மூட்ட கட்டிட்டாங்க. ஒரு பொண்ணு கீபோர்டு மேலயே தலய வெச்சு அழுவுது. பிரின்ஸிபாலு எறங்கி வந்தாரு. அப்பத்தான் சர்வரத் திருப்பி வெச்சிருந்தேன். கார்டுக்குப் பக்கத்துல காஞ்ச சந்தனம். வெரலால தொட்டுக் காமிச்சேன்.

சந்தனத் தண்ணி உள்ள எறங்கிடுச்சு சார்னேன். அவ்ளோதான் சொன்னேன்.

நானும் அப்ப அப்படித்தான் நெனச்சேன்னு வெச்சுக்கங்களேன். இல்ல, பாதிதான் நெனச்சேன். அவரு மாடி ஏறிப் போனப்பறம் மார்ச்சு மாசம் ஞாபகத்துக்கு வந்துச்சு. அந்தக் கமாண்ட அடிச்சேன். ஒரு நிமிஷம் கூட ஆகல, எல்லாம் ஓடுது. சந்தனம் இல்ல, நான் ஃபைல்ல எழுதாம உட்டதுதான். மாடி ஏறி ஒரு வார்த்த சொல்லிருக்கலாம். கேன்டீனுக்குப் போயி டீ குடிச்சேன். சாயங்காலம், கெட்டுப்போன கார்ட மாத்திட்டேன், இப்ப நல்லா ஓடுதுன்னு பொய்யா எழுதிக் குடுத்தேன். மறுநாள் கொளஞ்சியம்மாவ வர வேணாம்னுட்டாங்க. போறப்ப என் கையப் புடிச்சுகிட்டு, என்னால உங்களுக்குத் திட்டு உழுந்துடுச்சே சார்னாங்க. வெக்கமா இருக்கு தம்பி. சவரம் பண்றப்ப என் மூஞ்சிய நானே பாக்க முடியல.

சொல்லிருக்கலாந்தான். அந்த மாசம் எனக்கு பர்மனெண்ட் ஆர்டர் வர வேண்டியிருந்துச்சு. வந்துச்சு. இப்ப சொன்னா அதயும் சேத்துப் புடுங்கிடுவாங்க. பயந்தாங்கொள்ளின்னு சொல்லிக்குங்க, கோவமே வராது.

ஆலப்பாக்கமா இது? வந்துட்டமே. எனக்கா, கடலூர்ல லேபர் ஆபீஸுல ஒரு வேல இருக்கு. பதினோரு மணிக்கு விசாரணை. கொளஞ்சியம்மா எழுதிப் போட்டுருக்காங்க, வேலையத் திருப்பிக் குடுக்கணும்னு. சாட்சிக்கு என் பேரத்தான் குடுத்துருக்காங்க. மெஷினப் பத்தித் தெரிஞ்சவரு, உண்மைய எடுத்துச் சொல்லுவாருன்னு. போன வாரம் கீரப்பாளையத்துலேர்ந்து என் வீடு தேடி வந்து கேட்டாங்க. வர்றேம்மான்னேன். பொய் இல்லயே, வந்துகிட்டுத்தான இருக்கேன்.

காலேஜும் என் பேரத்தான் குடுத்துருக்கு. இந்தக் கவர்ல இருக்கறது அவுங்க டைப் அடிச்சுக் குடுத்த பேப்பரு. எல்லாம் சந்தனத்தாலதான்னு போட்டுருக்கு. நேத்தே கையெழுத்துப் போட்டுட்டேன்.

மெதுவாப் பேசுங்க தம்பி. முன்னாடி மூணாவது சீட்டு, பச்சப் பொடவ கட்டிகிட்டு திரும்பிப் பாக்கறாங்கல்ல, அவுங்கதான் கொளஞ்சியம்மா. பக்கத்துல எடம் காலியாயிடுச்சாம், கூப்புடறாங்க.

இல்லம்மா, பரவால்ல. நான் இங்கயே ஒக்காந்துக்கறேன்.