மூடியைத் திறக்க…

பொறுமைக்கே இலக்கணமாய் வீற்றிருக்கும் அவைத்தலைவர் அவர்களே! பல மேடை கண்டும் சலிக்காத பெரியோர்களே! மடியில் பிள்ளையும் மேடையில் காதுமாய் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! சலவை நிலையத் தோழர்களே! தலைதாழ்ந்த வணக்கம்.

வாசிப்பு என்றால் என்ன? வாய் ஓடுவதா? விரல் ஓடுவதா? இல்லை, இல்லை! வரிக்கு முன்னே மனம் ஓட வேண்டும்!

என் அண்ணியின் கதையையே சொல்கிறேன். இஸ்திரி மேசையருகே நின்று நின்று காலில் நரம்பு சுருண்டுபோனவர். உட்கார்ந்து பார்க்கும் பாய்லர் வேலை கேட்டுத் தேர்வெழுதினார். இரண்டு முறை தோற்றார். மூன்றாவதே கடைசி வாய்ப்பு. பாடத்தைக் கடகடவென்று படிப்பார். என்ன படித்தீர்கள் என்றால் பேந்தப் பேந்த விழிப்பார்.

ஒருநாள் பாதி வரியைக் கையால் மறைத்தேன்.

"அடுத்து என்ன வரும், சொல்லுங்க அண்ணி."

"நான் என்ன ஜோசியக்காரியா? கையை எடுங்க தம்பி!"

சிரிக்கிறீர்கள். அண்ணனும் சிரித்தார், அன்று அவர்தான் சமைத்தார்.

ஆனாலும் அண்ணி விடவில்லை. தலைப்பைப் பார்த்து ஊகித்தார், படத்தைப் பார்த்து ஊகித்தார், ஊகித்ததை வரியோடு உரசிப் பார்த்தார்.

தேர்வு வந்தது. படித்து விடையெழுத ஒரு பகுதி தந்திருந்தார்கள். அதன் முதல் பக்கத்தின் கடைசி வரி இது: "கொதிகலன் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்க". அத்தோடு பக்கம் முடிந்தது. நம் மொழியில் முடிவு சொல்லும் சொல் கடைசியில்தானே வந்து சேரும்! என்ன வரும் ஐயா? ஆம், பின்வரிசையில் சொல்கிறார்கள், "கூடாது"! அண்ணியும் அதையே நினைத்தார். பலர் நினைத்ததோடு நின்று விடையும் எழுதிவிட்டார்கள். அண்ணி பக்கத்தைப் புரட்டினார்.

"நேர்ந்தால், முதலில் நீராவியை வெளியேற்றுக" என்றிருந்தது.

திடுக்கிட்டார். நிமிர்ந்தார். முழுவதையும் முதலிலிருந்து படித்தார்.

முடிவு தெரிந்ததும் தொலைபேசியில் ஒரே கூச்சல்: "தம்பி, நான் தப்பா நெனச்சேன்! அதனாலதான் பாஸாயிட்டேன்!"

எண்ணிப் பார்ப்பீர்! எண்ணாமல் படித்தவர் ஏமாறுவதுகூட இல்லை. அவருக்கு எல்லா வரியும் ஒரே வரி. ஊகம் பலித்தால் உவகை. பொய்த்தால்? அங்கேதான் புரிதல் பிறக்கிறது! ஆகவே ஊகியுங்கள்! உரசிப் பாருங்கள்! தவறினால் வெட்கப்படாமல் திரும்பப் படியுங்கள்!

அண்ணியை இங்கே காணோமே என்று தேடுகிறீர்கள். இந்நேரம் அவர் பணியில் இருக்கிறார், உட்கார்ந்துகொண்டு! செவி தந்த அனைவருக்கும் நன்றி கூறி, வணங்கி விடைபெறுகிறேன்.