மூலையில் வைத்த ஒன்பது

ஹலோ... ஆமா, ஸ்டோர்ஸ் ஆபீஸ்தான். தாட்சாயிணி பேசறேன்... யாரு... ஏங்க, நீங்களா? புரொமோஷன் பரிட்சைக்குப் போனவர் எங்கேருந்து பேசறீங்க...

சரி, சரி. ஸ்கூலுக்கு எதிர்க் கடையா. எப்போ உள்ள விடறாங்க... பத்து நிமிஷமா. சாமியை நினைக்கற நேரத்துல பொண்டாட்டி நினைப்பு வந்திருக்கு, பரவால்ல...

இல்லீங்க, நியாயத்தைத்தான் சொல்றேன். போன வருஷம் நான் பாஸ் பண்ணி சூப்பர்வைசர் ஆனேன். அன்னிலேருந்து, "நானே படிச்சுக்கறேன்"னு புஸ்தகத்தை மறைச்சு மறைச்சுப் படிச்சீங்க. திருமுல்லைவாயில் ஈஸ்வரன்கிட்ட மூணு வாரம் போய் நின்னீங்க. அவரும் மேலே படர்ந்த முல்லைக் கொடியோட கம்முனு இருந்துட்டாரா...

ஆமா, ஆமா. தெரியும். இது மூணாவது தடவை, இதுக்கப்புறம் எழுத விடமாட்டாங்க. பயப்படாம, புஸ்தகத்துல வராத அந்தக் கணக்கைச் சொல்லுங்க... எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் ஆறு எக்ஸ், சமம் தொண்ணூத்தொண்ணு... வர்க்கத்தைப் பூர்த்தி பண்ணித்தான் செய்யணுமா. ம்...

ஃபார்முலாவை விடுங்க. நீங்க தகடு வெட்டற ஆளுதானே. பக்கத்துக்கு எக்ஸ் வர்ற சதுரத் தகடு ஒண்ணு. கூடவே, அதே நீளத்துல, ஆறு இஞ்ச் அகலப் பட்டை ஒண்ணு. ஒரே பக்கம் வெச்சா சதுரம் போயிடும். அப்போ இன்னா பண்ணுவீங்க...

அதேதான். நெடுக ரெண்டா வெட்டி, வலப்பக்கம் மூணு, கீழ மூணு. முழுச் சதுரம் ஆச்சா...

மூலை காலியா. எவ்ளோ... மூணுக்கு மூணு, ஒன்பது. அதையும் வெச்சா, பக்கம் எக்ஸ் பிளஸ் மூணு...

இதுவரைக்கும் வந்துட்டீங்களா? அப்புறம் எங்க சிக்குச்சு... தொண்ணூத்தொண்ணுக்கு வர்க்கமூலம் வரலையா.

ஏங்க. அந்த ஒன்பதை இடப்பக்கம் மட்டும் கூட்டினீங்களா...

அதான். நம்ம கல்யாணத்துல நீங்க எனக்கு மாலை போட்டீங்க. நான் திருப்பிப் போடாம, உங்களை வெறுங்கழுத்தோட விட்டிருந்தா உங்கம்மா சும்மா இருந்திருப்பாங்களா... ம். அந்தப் பக்கத்துக்கும் போடுங்க...

நூறு... ஆமா... பத்து... ஆமா, ஆமா. அப்போ எக்ஸ்... ஏழு. சரியா வந்துடுச்சு. போங்க, போய்...

இன்னொண்ணா? எது... மைனஸ் பத்தை மைனஸ் பத்தால பெருக்கினாலும் நூறுதானா...

மைனஸ் பதிமூணு.

நான் அதைச் சொல்லவே இல்லீங்களே...

இல்ல, இல்ல, தப்பு இல்ல. ரெண்டையும் எழுதணும்... என் குரல் ஒரு மாதிரி ஆச்சா? ஒண்ணுமில்ல... சொன்னாத்தான் போவீங்களா...

போன வருஷம் எனக்கும் இந்த மாதிரி ஒரு கணக்கு வந்துச்சு. நான் ஒரே விடையோட நிறுத்திட்டு வந்துட்டேன்... ஆமாங்க, பாதி மார்க் போச்சு. யார்கிட்டயும் சொன்னதில்ல...

போதும், சிரிச்சது போதும். மணி அடிக்குது, எனக்கே இங்க கேக்குது. போங்க...