இடப்பக்கம் ஒரு விரல் குறைவு

இல்லைப் பிள்ளை, மூச்சைப் பிடிக்காதேங்கோ. வயித்தை எக்கினால் அளவு பிழைக்கும். சும்மா நில்லுங்கோ, நான் பின்னுக்கு நாடாவை இழுக்கிறன். நொந்தால் சொல்லவேணும், என்ன? நீங்கள் மாங்குளமோ? அம்மா வந்திருக்கிறாவோ, நீங்கள் மேடையில நடக்கிறதைப் பாக்க? வராட்டி என்ன, வீடியோ எடுத்துக்கொண்டுபோய்க் காட்டுங்கோ.

நானோ? நான் என்னெண்டு இந்த வேலைக்கு வந்தனானெண்டோ கேக்கிறியள்? அது பெரிய பகிடி. கண்டாவளையில சாறி பிளவுசும் பள்ளிக்கூட யூனிபோமும் தைச்சுக்கொண்டு கிடந்தனான். சித்திரைக்குப் பிறகு உந்த ஷோவை நடத்துற ரஜிதா மிஸ் கொழும்பில இருந்து போன் எடுத்தா. அக்கா, நீங்கள் கோர்செற் தைப்பியளாமே எண்டா. ஓம், கன வருசமாத் தைக்கிறனான் எண்டன். அவவுக்குச் சந்தோசம். நான் கேட்டன், ஆளுக்கு என்ன வயசு, எழும்பி இருக்கிறவவோ, படுக்கையோ எண்டு. படுக்கையோ எண்டு திருப்பிக் கேட்டா. பிறகு சொல்லுறா, இல்லையக்கா, பாஷன் ஷோ மேடையில நடக்கிற பிள்ளையள் எண்டு. நடக்கிற பிள்ளையளுக்கு என்னத்துக்கம்மா கோர்செற் எண்டு கேட்டுப்போட்டன்!

சிரியுங்கோ, சிரியுங்கோ. நானும் கன நாளைக்குப் பிறகு அண்டைக்குத்தான் சிரிச்சனான். இஞ்ச எங்களுக்குக் கோர்செற் எண்டால் ஆசுப்பத்திரிச் சாமான் எல்லே. சண்டையில முள்ளந்தண்டில செல் பீஸ் பட்ட ஆக்கள் நிமிர்ந்து இருக்க இடுப்பைச் சுத்திக் கட்டுற பெல்ற். டொக்டர்மார் அதுக்குச் சொல்லுற பேர்தான் அது. இப்பிடி மினுங்கிற சற்றினில, வடிவுக்கெண்டு வெளியில தெரியப் போடுறதுக்கும் அதே பேர் எண்டு ஆர் கண்டது?

ஆருக்குத் தைச்சனானெண்டோ? எங்கட வீட்டிலதான். என்ர மகள் மேனுகா. கடைசிச் சண்டையில மாத்தளனில செல் விழேக்கை அவளுக்குப் பால்பல்லும் விழேல்லை. ஆசுப்பத்திரியில தந்த பெல்ற் எல்லாம் பெரிய ஆக்களின்ர அளவு. ஒண்டு கமக்கட்டுக்கை இடிக்கும், ஒண்டு துடையை வெட்டும். பாத்துப் பாத்து ஏலாமல் நானே தைக்கத் துவங்கினன். வளர வளர அவளுக்கு முதுகு இடப்பக்கம் சரிஞ்சு போச்சு. அதால இடப்பக்கத் துண்டை ஒரு விரல் குறைச்சு வெட்டவேணும். பின்னுக்கு எலும்பு உரசிப் புண் வராமல் உள்ளுக்குப் பஞ்சு வைக்கவேணும்.

அவளுக்கு வாய் இருக்கே, வாய்! அம்மா, இந்தச் சாம்பல் நிறத்தைக் கட்டிக்கொண்டு இருக்க நான் என்ன சீமெந்துப் பையே எண்டு கேப்பாள். சரியெண்டு நாவல்பழ நிறத்தில ஒண்டு தைச்சுக் குடுத்தன். எல்லாரும் உள்ளுக்குக் கட்டுறதை இவள் சட்டைக்கு மேலால கட்டிக்கொண்டு படலையடியில இருப்பாள், போறவை வாறவை பாக்கட்டும் எண்டு. இடுப்புக்கு மேல மட்டும் படம் எடுத்துப் பேஸ்புக்கிலயும் போட்டவள். வீல்செயார் தெரியாது. அந்தப் படத்தைக் கண்டுதான் ரஜிதா மிஸ் என்னைத் தேடிப் பிடிச்சவா.

பொறுங்கோ, எங்க இடிக்குது? இடப்பக்கமோ? ம்... தெரியும். மிஸ்ஸும் காலமை அதைத்தான் சொன்னவா. மற்றப் பிள்ளையளின்ரயை எல்லாம் பேப்பரில வெட்டி, அதை வைச்சுத் துணி வெட்டினது. ஒரு பிழை இல்லை. உங்கட இடத்தில நடக்க இருந்த பிள்ளை திடீரெண்டு விலகிப்போட்டா, நீங்கள் இடையில வந்தனீங்கள். பேப்பர் வெட்ட நேரமில்லை. உங்கட அளவைப் போனில கேட்டு, நேரே துணியில கத்தரியை வைச்சன். உங்கட அளவை நினைச்சுத்தான் வெட்டினனான், சத்தியமா. ஆனால் என்ர கை நாய் வால், நிமித்தேலாது. தைச்சு முடிச்சு மேசையில விரிச்சாப் பிறகுதான் கண்டன், இடப்பக்கம் ஒரு விரல் குறைவு. பின்னுக்கு மெத்தெண்டு கிடக்கெல்லே? பஞ்சு. அதையும் வைச்சிருக்கிறன் பாருங்கோ! உங்கட முதுகில என்ன புண்ணே?

மிஸ் கோவிச்சவாதான். இது ஆற்ற அளவு அக்கா எண்டு கேட்டா. சரிபண்ணித் தாறன் எண்டன். பெரிய வேலை இல்லைப் பிள்ளை, இடப்பக்கத்தைப் பிரிச்சு ஒரு துண்டு கூட்டினால் சரி. துணியும் கையில கிடக்கு. காலமை துவக்கம் கத்தரியை எடுக்கிறன், வைக்கிறன். பிரிக்க மனம் விடுகுதில்லை. நீங்கள் வந்தாப் பிறகும் வேலையைப் பாக்காமல் உங்களோடை அலட்டிக்கொண்டு நிக்கிறன்.

மேனுகாவோ? இல்லைப் பிள்ளை, அவள் வரமாட்டாள். வாற மாசத்தோடை அவள் போய் ஒரு வருசம், ஆட்டைத்திவசம். படுக்கைப் புண்தான், கிருமி ரத்தத்தில ஏறிப்போச்சு. நாவல்பழ நிறத்தைக் கட்டித்தான் அனுப்பினனாங்கள், மற்றதுகளையும் அவளோடையே வைச்சு எரிச்சாச்சு. அவளின்ர அளவில இப்ப கிடக்கிறது இது ஒண்டுதான்.

ஐயோ, அழாதேங்கோ, கண்மை கரையும், மிஸ் என்னைத்தான் பேசுவா. பிரிச்சுத் தாறன், நீங்கள் வடிவா நடவுங்கோ. அதுக்கு முதல் எனக்கொரு உதவி செய்வியளோ? ஒருக்கா இடப்பக்கமாச் சரிஞ்சு நில்லுங்கோ. இன்னும் கொஞ்சம்... ஓம். ஓம், அப்பிடித்தான். அப்பிடியே கொஞ்ச நேரம் நில்லுங்கோ பிள்ளை.