பதினாலாம் நம்பர் படுக்கை

"...அதுக்கு நான் என்னண்ணே பண்ணுவேன்? பேஷன்ட் படுக்கைல இல்லன்னா வார்டு கிளார்க்கையா திட்டுறது? நான் போன் எடுக்குறவ, ஃபைல் அடுக்குறவ. வேலைக்கு வந்து பதினெட்டே நாள்! ஸ்ட்ரெச்சரை அப்படி ஓரமா விடுங்க. பதினாலாம் நம்பர்தானே, ஸ்கேனுக்கு? வருவாங்க, வருவாங்க... எங்க போயிடப் போறாங்க. உக்காருங்க.

எவராவது ஒழுங்கா சொல்லிக் குடுத்தாங்களான்னு கேளுங்க! எனக்கு முன்னாடி இந்த சீட்ல இருந்த அம்மா அரை நாள் என் கூட உக்காந்தாங்க. அதுல முக்கால்வாசி அவங்க நாத்தனார் கதை. அந்த நாத்தனார் இருக்காங்களே... சரி, அது எதுக்கு இப்போ. கெளம்புறப்போ, 'கம்ப்யூட்டர்ல சும்மா ஒரு அட்மிஷன் போட்டுப் பாருங்க, தானா கைக்கு வந்துடும்'னுட்டு பையைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. நானும் போட்டேன். பதினாலு காலியா இருந்துச்சு. என்ன வியாதின்னு கேட்டுச்சு, வயித்து வலின்னு போட்டேன். அழிக்கலாம்னு பாத்தா... பட்டனே இல்லண்ணே! டாக்டர் டிஸ்சார்ஜ் பண்ணாத்தான் போகுமாம். இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன கேடு?

அப்புறம் பாருங்க கூத்தை. மூணு வேளையும் சாப்பாடு வருது. உப்பும் இல்ல, ஒறப்பும் இல்ல. வீணாக்க மனசு வருமா? தின்னு தொலைச்சேன். ரத்தம் எடுக்குறவரு வந்தாரு. 'பாத்ரூம் போயிருக்காங்க'ன்னேன். மூணு தடவை! நாலாவது தடவை எடுக்காம நகர மாட்டேன்னுட்டாரு. எப்படியோ குடுத்துத் தொலைச்சோம். ரத்தம் கம்மியாம்! பெரிய டாக்டர் ரிப்போர்ட்டைப் பாத்துட்டு ஸ்கேன் எழுதிட்டாரு.

பெரிய சிஸ்டர் வேற, 'உங்க மூக்குக்கு நேரா இருக்கு படுக்கை, அந்தம்மா எந்நேரமும் ஊர் சுத்துறாங்க, நீங்க என்ன பண்றீங்க?'ன்னு மெமோ குடுத்துட்டாங்க. இன்னொரு மெமோ வந்தா வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நாலு வருஷம் நாயா அலைஞ்சு கெடைச்ச வேலைண்ணே இது...

என்ன, ஸ்கேன் சீட்டையும் என்னையும் மாத்தி மாத்திப் பாக்குறீங்க? ஓ... என் பேட்ஜைப் படிச்சுட்டீங்களா.

ஆமாண்ணே. வேற யார் பேரைப் போடுறது? அடுத்தவங்க பேரைப் போட்டு, அவங்களுக்கு ஏதாவது ஆயிட்டா? பாவமில்லையா? அதான் என் பேரையே போட்டேன். ஆஸ்பத்திரிலேர்ந்து மெசேஜ் போய், எங்க வீட்டுக்காரர் ஃபிளாஸ்கும் கையுமா அலறியடிச்சுட்டு ஓடி வந்தாரு!

மூச்சு விட்டுடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னு வந்தா இன்னைக்கே டிஸ்சார்ஜ். பேஷன்டும் ஒழிவாங்க, என் வேலையும் தப்பிக்கும். கையைக் குடுங்க, ஏறிக்கிறேன். காலைலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கல. 'வெறும் வயிறு'ன்னு அட்டை மாட்டுனதே நாந்தானே. போர்வையை இழுத்து... ஐயோ, மூஞ்சியை மூடாதீங்க! வேற ரூமுக்குன்னு நெனைச்சுடப் போறாங்க.

அடடா, போன் அடிக்குதே. அதை இப்படி எடுத்துக் குடுங்க, வயர் எட்டும்...

வார்டு ஆபீஸ். ஆமா சிஸ்டர்... பதினாலு ஸ்ட்ரெச்சர்ல படுத்தாச்சு சிஸ்டர். யாரு, நானா? நானும் கூடத்தான் போறேன்... சத்தியமா சிஸ்டர், இனிமே அவங்களை விட்டு ஒரு அடி நகர மாட்டேன்!"