தம்பியின் முறை வரும்வரை

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. நீங்கள் எழுதிக்கொண்டே இருங்கள், நான் இந்தக் கதவுக்கும் ஜன்னலுக்கும் நடந்தபடியே சொல்கிறேன். என் வேலையும் அப்படித்தான். ஹோட்டலில் சலவைப் பிரிவு. நாள் முழுக்க நின்றுகொண்டே ஈரத் துண்டுகளை உதறிப் போட வேண்டும்.

இந்த நாட்டுக்கு முதலில் வந்தவள் நான். பிறகு அம்மாவை வரவழைத்தேன். குடியுரிமை கிடைத்ததும் அம்மா செய்த முதல் காரியம், தம்பிக்காக மனுப் போட்டதுதான். கல்யாணமான பிள்ளைகளுக்கான வரிசை லேசில் நகராது. எந்தத் தேதியில் போட்ட மனுவை இப்போது எடுக்கிறார்கள் என்று மாதம் ஒருமுறை இணையதளத்தில் போடுவார்கள். ஒரு மாதம் அந்தத் தேதி கொஞ்சம் முன்னே போகும். அடுத்த மாதம் பின்னே வந்துவிடும். பின்னே வருகிற மாதங்களில் பாத்திரத்தையெல்லாம் நங்கென்று வைக்கிறேன் என்று அம்மா குறைப்படுவாள். மனுப் போட்டபோது தம்பியின் மூத்த பெண் தொட்டிலில் கிடந்தாள். முறை நெருங்கியபோது அவள் என் உயரம்.

அந்த நேரம் பார்த்து அம்மாவுக்கு எலும்பில் புற்றுநோய். மாதக் கணக்குதான் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மனுப் போட்டவர் போய்விட்டால் மனுவும் போச்சு. அது சட்டம், நான் எழுதியதில்லை. தம்பி அம்மாவைப் பார்த்துவிட்டுப் போகவாவது விசா கேட்டான். குடியேற மனுப் போட்டிருக்கிறவன் திரும்பிப் போவான் என்று என்ன நிச்சயம் என்று மறுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்துபோன நர்ஸ் பொறுமைசாலி. வலி வரும்போது நாக்கடியில் விடச் சொல்லி ஒரு சொட்டு மருந்து கொடுத்தாள். "தூக்கம் வரும், மூச்சு கொஞ்சம் மெதுவாகலாம். நான் சொன்ன அளவு குடுத்தா ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க" என்றாள். மூச்சு மெதுவாகும் என்பது மட்டும்தான் என் காதில் ஏறியது.

முதலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தேன். பாதி மருந்து உள்ளே போகத்தானே செய்தது. அடுத்த முறை தேதி பின்னே வந்தது. அதற்குப் பிறகு புட்டியில் தண்ணீர் மட்டும்தான்.

"வலிக்குதுடி. மருந்து கேக்கவே மாட்டேங்குது" என்பாள் அம்மா.

"கேக்கும்மா. இன்னும் கொஞ்ச நாள் பொறு."

நர்ஸிடமும் சொன்னாள். நர்ஸ் அளவைக் கூட்டினாள். கூட்டியதையும் நான் தொட்டியில் ஊற்றிக் குழாயைத் திறந்துவிட்டேன். பிறகெல்லாம் நர்ஸ் வந்தால் அம்மா என் முகத்தை ஒருமுறை பார்ப்பாள், வாயைத் திறக்க மாட்டாள். ஹோட்டலிலிருந்து கனமான துண்டு ஒன்று கொண்டுவந்து, கடித்துக்கொள்ளக் கொடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் காலையில் வேலைக்குப் போகிறவர்கள், பாவம்.

தம்பி போனில் கேட்டான். "அக்கா, அம்மா ஏன் இப்படி முனகறாங்க?"

"வியாதி அப்படிடா."

"எனக்கு விசாவே வேணாம்க்கா. அவங்களுக்கு வலி இல்லாம இருந்தா அதுவே போதும்."

சின்ன வயதிலிருந்தே அவன் அப்படித்தான். தனக்கென்று எதையும் கேட்க மாட்டான். அவனுக்காக நான்தான் கேட்டாக வேண்டும்.

ஒருவழியாக முறை வந்தது, நேர்காணல் முடிந்தது, விசாவும் கிடைத்தது. ஆனாலும் அவன் இங்கே வந்து இறங்குகிறவரை அம்மா இருந்தாக வேண்டும். அந்த நாட்களில் நான் தூங்கவே இல்லை. எழுந்து எழுந்து போய் அம்மாவின் நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பேன். கை பட்டாலே துடித்துப்போவாள். அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

தம்பி, அவன் மனைவி, பெண்கள் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். "மருந்தை நான் குடுக்கறேன்க்கா" என்று அவன் புட்டியை எடுத்தான். நான் சமையலறையில் அவர்களுக்குச் சாப்பாடு சூடு பண்ணிக்கொண்டிருந்தேன். அம்மா அவனிடம் மெல்லச் சொல்லியிருக்கிறாள்: "அது வெறும் தண்ணிப்பா." அவன் தன் நாக்கில் விட்டுப் பார்த்திருக்கிறான்.

புட்டியோடு வந்து நின்றான். "எவ்வளவு நாளா?"

"உன் முறை வரணும்ல" என்றேன்.

அவன் அடிக்கவில்லை, திட்டவில்லை. நர்ஸைக் கூப்பிட்டான். அவள் வந்து வேறு புட்டியைப் பிரித்து நிஜ மருந்தை விட்டாள். கொஞ்ச நேரத்தில் அம்மாவின் தாடை தளர்ந்து, வாயிலிருந்த துண்டு தானாக நழுவி விழுந்தது. சில நாள் தூங்கினாள். தூக்கத்திலேயே போய்விட்டாள். அதற்கப்புறம்தான் தம்பி போலீஸ் என்று உங்களிடம் வந்தான்.

ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். தினமும், என் கையால். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று. புட்டியில் தண்ணீர்தான் என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் நர்ஸிடம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அப்படியென்றால் அவளுக்கும் சம்மதம் என்றுதானே அர்த்தம்? என்னைக் கண்டு பயந்துபோய் வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்கிறாள் நர்ஸ். எங்கள் குடும்பத்தைப் பற்றி நர்ஸுக்கு என்ன தெரியும்.